மைல்ட் ஹைப்ரிட் வண்டி மக்கர் செய்தால் முதலில் 12 வோல்ட்டைப் பாருங்கள்

மீட்டரில் "ஹைப்ரிட் சிஸ்டத்தில் கோளாறு" என்று எழுத்து வந்ததும் வண்டிக்காரர் முகம் வெளுத்துவிடும். லித்தியம் பேட்டரி போச்சு, மோட்டார் போச்சு என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் என்னிடம் வருவார். ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் நான். இப்படி வரும் வண்டிக்கு முதலில் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனரை எடுக்க மாட்டேன், மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பழைய 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிதான். இல்லாவிட்டால் அதன் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவ்வைப் பாடியோடும் இஞ்சினோடும் இணைக்கும் ஒயர். ஹைப்ரிட் சாமான்கள் நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு, ஆனால் அவற்றைச் சந்தேகப்படும் முறை கடைசியில்தான் வர வேண்டும்.

அளப்பதற்கு முன், உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மைல்ட் ஹைப்ரிட் என்றால் வண்டியை ஓட்டுவது இஞ்சின்தான், ஒரு சின்ன மோட்டார் அதற்குக் கை கொடுக்கும். இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை முழுக்க 12 வோல்ட்டில் ஓடுவது. சுசூகியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் இந்த வகை. ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்ஜி என்ற மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெல்ட் வழியாகச் சுழன்று மின்சாரம் எடுக்கும், வேகம் கூட்டும்போது இஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், சிக்னலில் நின்ற இஞ்சினைச் சத்தமில்லாமல் கிளப்பும். காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்புவது மட்டும் பழைய செல்ஃப் மோட்டார்தான். சில மாடல்களில் லெட் ஆசிட் பேட்டரியோடு ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது வகை 48 வோல்ட். ஆடி, மெர்சிடிஸ், வால்வோ, ஃபோர்ட், ஹூண்டாய், கியா என்று பலரும் இதில் இருக்கிறார்கள். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்குள் இருந்தால் தொட்டால் உயிருக்கு ஆபத்தான வகையில் சேராது. அதனால்தான் 48-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் ஆல்டர்னேட்டரே கிடையாது. 48 வோல்ட் மோட்டார் தயாரிக்கும் மின்சாரம் அரை முதல் ஒரு கிலோவாட் ஹவர் அளவுள்ள சின்ன லித்தியம் பேட்டரிக்குப் போகும். அங்கிருந்து டிசி-டிசி கன்வர்ட்டர் என்ற பெட்டி அதைக் குறைத்து 12 வோல்ட் பேட்டரிக்கும் லைட், ஹாரன், கம்ப்யூட்டர்களுக்கும் கொடுக்கும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 48 வோல்ட் பேட்டரி நிறைய சார்ஜோடு இருந்தாலும் வண்டியை அதனால் எழுப்ப முடியாது. அதற்குள்ளே கான்டாக்டர் என்ற ஒரு பெரிய ஸ்விட்ச் இருக்கிறது, வண்டி தூங்கும்போது திறந்தே இருக்கும். அதை மூடச் சொல்லி உத்தரவு போடும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை. 12 இறங்கிப்போனால் உத்தரவு போட ஆள் இல்லை, 48 பூட்டிய பெட்டியாகக் கிடக்கும். மறுபக்கம், டிசி-டிசி கன்வர்ட்டர் கெட்டால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே 12 கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாதாரண வண்டியில் ஆல்டர்னேட்டர் போனால் என்ன ஆகுமோ அதேதான்.

இன்னொரு விஷயம். சில 48 வோல்ட் வண்டிகளில் செல்ஃப் மோட்டாரே இல்லை. மெர்சிடிஸின் எம்256 ஆறு சிலிண்டர் இஞ்சினில் மோட்டார் இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும், ஏசி கம்ப்ரசருக்குக்கூட பெல்ட் கிடையாது. அப்படிப்பட்ட வண்டி ஸ்டார்ட் ஆக 12, 48 இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் தனிச் செல்ஃப் உண்டா என்பதை மேனுவலிலோ சர்வீஸ் ஆளிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிகுறி ஸ்டார்ட்-ஸ்டாப்

பேட்டரி தளர ஆரம்பித்தால் முதலில் நிற்பது ஸ்டார்ட்-ஸ்டாப். சிக்னலில் இஞ்சின் தானாக நிற்பதில்லை என்றால் பலர் "நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது" என்று விட்டுவிடுவார்கள். அது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. நெகட்டிவ் டெர்மினலில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சென்சார் இருக்கும். உள்ளே எவ்வளவு கரண்ட் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, சூடு எவ்வளவு என்று கணக்கு வைப்பது அதன் வேலை. பேட்டரியில் போதுமான சார்ஜ் இல்லை என்று அது சொன்னால் கம்ப்யூட்டர் இஞ்சினை நிறுத்த விடாது.

ஏசி முழு வேகத்தில் இருந்தாலோ, இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றாலோ, சீட் பெல்ட் போடவில்லை என்றாலோகூட ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாதுதான். அதெல்லாம் சரியாக இருந்தும், நல்ல நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் பல நாட்களாக நிற்கவில்லை என்றால் பேட்டரியை அளக்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்த கட்டத்தில் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஹைப்ரிட், பார்க்கிங் சென்சார் என்று எல்லா லைட்டும் திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒன்றாக எரியும். ஒரே நாளில் இத்தனையும் கெட வாய்ப்பில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவானது சப்ளை. வோல்ட்டேஜ் ஒரு நொடி சரிந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்கவில்லை" என்று எர்ரர் கோட் போட்டு வைக்கும். ஸ்கேனரில் யூ எழுத்தில் தொடங்கும் கோடுகள் வரிசையாக வந்து, கூடவே பி 0562 இருந்தால், அது சிஸ்டம் வோல்ட்டேஜ் குறைவு என்று அர்த்தம். அதை முதலில் சரிசெய்து, கோடுகளை அழித்து, ஓட்டிப் பார்த்த பிறகும் திரும்பி வருவது எதுவோ அதுதான் நிஜமான கோளாறு.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டியைப் பூட்டி, சாவியைத் தூரமாக வைத்து, சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ராத்திரி நிறுத்தி காலையில் அளந்தால் இன்னும் நல்லது. ஓட்டி வந்த உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றிவிடும்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்கென்று இரண்டு வகை லெட் ஆசிட் பேட்டரி உண்டு: ஏஜிஎம், இஎஃப்பி. எது என்று பேட்டரி மேலேயே எழுதியிருக்கும். முழு சார்ஜில் இருக்கும் ஏஜிஎம் பேட்டரி 12.8-லிருந்து 12.9 காட்டும். இஎஃப்பி அல்லது சாதாரணத் தண்ணீர் பேட்டரி 12.6, 12.7. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இறங்கி அப்படியே சில நாள் கிடந்த பேட்டரியைச் சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது, தகட்டில் சல்பேட் படிந்துவிடும்.

அடுத்து ஸ்டார்ட் செய்யும்போது. தனிச் செல்ஃப் உள்ள வண்டியில், வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஆனால் 48 வோல்ட் மோட்டாரே இஞ்சினைச் சுழற்றும் வண்டியில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. 12-க்கு அங்கே பாரமே கிடையாது, சாகப்போகும் பேட்டரிகூட 12 காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு லோடு கொடுத்து அளக்கும் டெஸ்டர் வேண்டும். அதிலும் பேட்டரி வகையை ஏஜிஎம் என்றோ இஎஃப்பி என்றோ சரியாகத் தேர்ந்தெடுத்து, பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ எண்ணை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கொடுக்கக்கூடிய கரண்ட்) போட்டுச் சோதிக்க வேண்டும். வகையை மாற்றிப் போட்டுவிட்டு நல்ல பேட்டரியைக் குப்பை என்று சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இஞ்சின் ஓடும்போது. "14.2 வரவில்லை, சார்ஜிங் போச்சு" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். இந்த வண்டிகளில் சார்ஜிங் வோல்ட்டேஜ் வேண்டுமென்றே ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 12.5 அளவுக்கு இறங்கும், வேகம் குறைக்கும்போது 15-ஐத் தொடும். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் தந்திரம் இது. சந்தேகம் இருந்தால் ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், ப்ளோவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சில நிமிடம் கவனியுங்கள். 13-க்கு மேலே ஏறி நிலைத்தால் சார்ஜிங் உயிரோடு இருக்கிறது. 12.4, 12.3, 12.1 என்று ஒரே திசையில் இறங்கிக்கொண்டே போனால்தான் ஐஎஸ்ஜி, டிசி-டிசி பக்கம் திரும்ப வேண்டும்.

எர்த்: யாரும் பார்க்காத ஒயர்

இதை மட்டும் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது பேட்டரி போட்டும் தீராத கேஸ்களில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கும். பேட்டரி நெகட்டிவ்விலிருந்து பாடிக்கு ஒரு கேபிள், பாடியிலிருந்து இஞ்சினுக்கு இன்னொரு கேபிள். இரண்டாவது பெரும்பாலும் பின்னல் செம்புப் பட்டை. இஞ்சினுக்குக் கீழே, தண்ணீரும் சேறும் படும் இடத்தில் ஒரு போல்ட்டில் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கெட்டியாக இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பெயின்ட் உரிந்து துரு பொடியாகக் கொட்டும்.

கழற்றாமலே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், கிளாம்பில் வைக்கக் கூடாது, நேராகக் கம்பத்திலேயே. சிவப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இஞ்சின் உலோகத்தில் அழுத்துங்கள். சும்மா இருக்கும்போது சைபர்தான் காட்டும். இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். 0.1, 0.2 காட்டினால் எர்த் சுத்தம். ஒரு வண்டியில் எனக்கு 0.9 காட்டியது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் ஒயரிலேயே போய்விட்டால் மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் என்ன செய்யும்? கறுப்பு முனையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, சிவப்பை முதலில் கிளாம்பு, பிறகு பாடி போல்ட், பிறகு பட்டையின் இஞ்சின் முனை என்று நகர்த்தினால் எந்த இணைப்பில் எண் திடீரென்று தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. அந்த வண்டியில் பாடி போல்ட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் தாவியது. கழற்றி, எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் தீர்ந்தது. அது ஏற்கெனவே வேறொரு இடத்தில் ஐஎஸ்ஜி மாற்றச் சொல்லப்பட்ட வண்டி.

தனிச் செல்ஃப் இல்லாத 48 வோல்ட் வண்டியில் இதே சோதனையை, இஞ்சின் ஓடும்போது எல்லா விளக்கையும் ப்ளோவரையும் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் பாடிக்கும் நடுவில் செய்யலாம்.

நிற்கும்போது இறங்குகிறதா?

ரெண்டு நாள் நிறுத்தினால் இறங்குகிறது, ஓட்டினால் சரியாக இருக்கிறது என்றால் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது. பூட்டி முழுக்கத் தூங்கிய நவீன வண்டி 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும், அது இயல்பு. 50 என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஒரு மாதம் நின்றால் 36 போய்விடும், பாதிக்கும் மேல். ஒரு கோளாறும் இல்லாத வண்டிக்கே இந்தக் கதி. ஆக, வாரக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் சார்ஜர் மாட்டிவிடுவதுதான் வழி. கீலெஸ் சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவதும் பல வண்டிகளை அடிக்கடி எழுப்பிவிடும்.

திருடனைப் பிடிக்க ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள். பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கிய கம்ப்யூட்டர் எழுந்துகொள்ளும், கணக்கு குழம்பும். பானெட்டையும், ஃபியூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவையும் திறந்து வைத்து, லாட்ச்சை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய மாதிரி ஆக்கி, வண்டியைப் பூட்டி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸ் 0.0. எங்கே 0.3, 1.2 என்று ஏதாவது தெரிகிறதோ அந்த வழியில் ஓட்டம் இருக்கிறது. அந்த ஃபியூஸ் எதற்கென்று மூடியில் பாருங்கள். பெரும்பாலும் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது கூடுதலாக மாட்டிய சாமான்தான்: பார்க்கிங் மோடில் விழித்திருக்கும் டேஷ் கேமரா, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் மறந்துபோன டாங்கிள், ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் ட்ராக்கர்.

இப்படிச் சாமான் மாட்டும்போது அதன் எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் கொடுத்தால் இன்னொரு வம்பு. அந்தக் கரண்ட் சென்சாரைத் தாண்டிப் போவதால் கணக்கில் ஏறாது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று வண்டி நம்பிக்கொண்டிருக்க, உள்ளே காலியாகிக்கொண்டிருக்கும். எர்த் எப்போதும் பாடியில்தான்.

பெல்ட்டைச் சும்மா விட்டுவிட வேண்டாம்

பெல்ட் வைத்த மோட்டார் உள்ள வண்டியில் பெல்ட் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. சார்ஜ் செய்யும்போது இஞ்சின் மோட்டாரை இழுக்கும், ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் இஞ்சினை இழுக்கும். அதற்காகத்தான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இரட்டைக் கை டென்ஷனர். சிக்னலில் திரும்பக் கிளம்பும்போது "கீச்" என்று கத்தினால், பெல்ட்டில் விரிசலோ பளபளப்போ தெரிந்தால், ஆயிலோ கூலன்ட்டோ பட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். டென்ஷனரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வண்டிக்குரிய பெல்ட்தான் வேண்டும், ஆல்டர்னேட்டர் மாடலுக்கான பெல்ட் இந்த இழுவையைத் தாங்காது. பெல்ட் வழுக்கினாலே ஐஎஸ்ஜி கோளாறு என்று கோட் வரும்.

48 பக்கம் கை வைக்கும் முன்

தொட்டால் ஆபத்து குறைவு என்பதால் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். லோடு ஓடும்போது 48 வோல்ட் இணைப்பைப் பிடுங்கினால் 12-ல் வருவது போல ஒரு பொறியோடு நிற்காது, ஆர்க் பிடித்து எரியும். ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் கேபிளை வீட்டில் கழற்ற வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது, நல்ல ஸ்கேனரில் நேரடி அளவைப் பார்ப்பது. 48 வோல்ட் பக்கம் 36-லிருந்து 52 வரை இயல்பான வேலை எல்லை. அங்கே 46, 48 என்று நிற்கிறது, 12 பக்கம் மட்டும் ஓடும்போதே இறங்குகிறது, கூடவே பி 0ஏ94 கோட் இருக்கிறது என்றால் டிசி-டிசி கன்வர்ட்டர் மேல் சந்தேகம் நியாயமானது. அப்போதும் அதன் வெளியே வரும் 12 வோல்ட் கேபிள், பெரிய ஃபியூஸ், எர்த் மூன்றையும் பார்த்த பிறகே பெட்டியை மாற்றச் சொல்லுங்கள்.

லித்தியம் பேட்டரி இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும். காற்று உள்ளே போக ஜன்னல் வைத்திருந்தால் அதன் முன்னால் பை, துணி திணிக்காதீர்கள். சூடு ஏறினால் மோட்டார் இஞ்சினுக்குக் கை கொடுப்பதைக் குறைத்துவிடும், ஓட்டுகிறவருக்கு வண்டி மந்தமானது போலத் தோன்றும். வண்டிக்குள் தண்ணீர் கொட்டினாலோ வெள்ளத்தில் நின்றாலோ ஸ்டார்ட் செய்யாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மாதக்கணக்கில் நின்று லித்தியம் பேட்டரி ஆழமாக இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் தன்னைப் பூட்டிக்கொள்ளும். சாதாரண சார்ஜரை மாட்டி எழுப்ப முயல்வது தீயில் முடியலாம்.

ஜம்ப், சார்ஜர், மாற்றுவது

ஜம்ப் கொடுக்கும்போது 12 வோல்ட்டுக்கென்று பானெட்டுக்குள் ஒதுக்கிய சிவப்பு மூடி முனையில் பிளஸ், இஞ்சினிலோ பாடியிலோ உள்ள எர்த் போல்ட்டில் மைனஸ். நெகட்டிவ் கம்பத்தில் வேண்டாம், சென்சார் இருக்கிறது. 48 வோல்ட் முனைகள் பக்கமே போகாதீர்கள். எழுந்த வண்டி சிறிது நேரம் ஓடியதால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம். காலியான லெட் ஆசிட் மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க சார்ஜர் போடுங்கள், அதிலும் ஏஜிஎம் என்றால் ஏஜிஎம் மோடில்.

மாற்றும்போது ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம், இஎஃப்பி இருந்த இடத்தில் இஎஃப்பி அல்லது அதற்கு மேல். சாதாரண பேட்டரி விலை குறைவு என்று போட்டால், ஓயாமல் ஏறி இறங்கும் இந்தச் சார்ஜிங்கில் சீக்கிரம் படுத்துவிடும். பல வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய கிழட்டு பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

மாற்றிய அன்றே ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சென்சார் புது பேட்டரியைப் புரிந்துகொள்ள, வண்டி பூட்டி அமைதியாகச் சில மணி நேரம் நிற்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியதில் பவர் விண்டோ தன் அளவை மறந்திருந்தால், அதை மேலே ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி பிடித்து ரீசெட் செய்துவிட்டு, வண்டியை ராத்திரி நிறுத்துங்கள். மறுநாள் இஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிய பிறகு சிக்னலில் பாருங்கள்.